மூன்று வயதுக் குழந்தைக்குப் பள்ளி: கேமராவைப் பார்ப்பதா, கேட்டைப் பார்ப்பதா?

கேள்வி: எங்கள் மகளுக்கு வரும் ஜூனில் மூன்று வயது முடிகிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ப்ரீ-ஸ்கூல் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பெரிய பிராண்ட். கீழே கடைகள் உள்ள கட்டடத்தில் இரண்டாவது மாடி. கைரேகை வைத்தால்தான் கதவு திறக்கும்; வகுப்பில் நடப்பதை நம் போனிலேயே நேரலையாகப் பார்க்கலாம். இன்னொன்று பழைய தனி வீடு. தரைத்தளம், முன்னால் மண் தரை, வயதான ஒரு வாட்ச்மேன். கேமரா கேட்டில் மட்டும்தான். கணவர் முதல் பள்ளிதான் பாதுகாப்பு என்கிறார். மாமியார் இரண்டாவதில் சேர்க்கச் சொல்கிறார். கட்டடப் பாதுகாப்பு என்று பார்த்தால் எது நல்லது? நேரில் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்:

சகோதரி, இரண்டு பள்ளியிலும் என்ன பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. மூன்று வயதில் அதுதான் சரி. பள்ளிக் கட்டடங்களைப் பார்த்து உறுதிச் சான்று கொடுப்பது என் வேலை. பெற்றோர்கள் என்னிடம் பெரும்பாலும் கேமரா எத்தனை என்றுதான் கேட்கிறார்கள், கட்டடத்தைப் பற்றிக் கேட்பதே அபூர்வம். அதனால் முதலில் கேமராவையே எடுத்துக்கொள்கிறேன்.

கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். நடக்கவிடாமல் தடுக்காது. காலை பதினொரு மணிக்கு நீங்கள் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருப்பீர்கள், உங்கள் கணவரும் அப்படித்தான். அந்த நேரத்தில் திரையை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? பள்ளியில் அதற்கென்று ஆள் இல்லையென்றால் அது பிரச்சினை வந்த பிறகு போட்டுப் பார்க்கும் சாட்சி, அவ்வளவுதான். அது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பதிவு எத்தனை நாள் இருக்கும், பின்பக்கமும் கழிவறைக்குப் போகும் வழியும் அதில் தெரியுமா என்று கேளுங்கள். நேரலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. உங்கள் மகளை நீங்கள் பார்ப்பது போலவே, அந்த வகுப்பில் பிள்ளை படிக்கும் எல்லா வீட்டிலிருந்தும் உங்கள் மகளைப் பார்க்கலாம். கடவுச்சொல்லைச் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து வைத்திருக்கும் வீடுகளும் அதில் இருக்கும். பள்ளியை விட்டு நின்றுபோன குழந்தையின் பெற்றோருக்கு அன்றே இணைப்பைத் துண்டிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், அந்த வசதி விளம்பரத்துக்காக வைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கைரேகைக் கதவுக்கு வருவோம். வெளியாள் உள்ளே வராமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கதவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் அவசரத்துக்கு எப்படி வெளியே வருவார்கள்? இந்தப் பூட்டுகளில் இரண்டு வகை உண்டு. மின்சாரம் போனால் தானாகத் திறந்துவிடுவது ஒன்று, மேக்னெட்டிக் லாக் அப்படித்தான் வேலை செய்யும். மின்சாரம் போனாலும் பூட்டியபடியே நிற்பது இன்னொன்று. முதல் வகையில் யு.பி.எஸ். இல்லையென்றால், கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் கதவு சும்மா சாத்தியிருக்கும். இரண்டாவது வகையில், தீ விபத்து நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்தால் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். எந்த வகையானாலும், உள்பக்கத்தில் விரலும் வேண்டாம், கார்டும் வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் ஒரே அழுத்தில் திறக்கும்படி ஒரு கைப்பிடியோ அவசர பட்டனோ இருக்க வேண்டும். அது குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். நேரில் போகும்போது, "மெயினை ஆஃப் பண்ணிக் காட்டுறீங்களா, கதவு என்ன ஆகுதுன்னு பார்க்கணும்" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஒரு நிமிட வேலை அது.

இரண்டாவது மாடிதான் எனக்குப் பெரிய கேள்வி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல்கூடத்தில் பிடித்த தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. கீற்றுக்கொட்டகைகளைப் பள்ளிகளிலிருந்து எடுத்தாகிவிட்டது, நல்லது. ஆனால் அந்த விபத்தில் கூரை அளவுக்கு முக்கியமான விஷயம், மேலே இருந்த பிள்ளைகளுக்குக் கீழே வர விசாலமான வழி இல்லாமல் போனது. கான்கிரீட் கட்டடமானாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் கட்டடத்தில் கீழே என்ன கடை? ஓட்டலா, பெயின்ட் கடையா, மெத்தைக் கடையா, பேட்டரி சார்ஜ் போடும் இடமா? அங்கே புகை கிளம்பினால் அது எழும்பும் பாதை மாடிப்படிதான், உங்கள் மகள் இறங்க வேண்டிய பாதையும் அதேதான். மூன்று வயதுப் பிள்ளைகள் கைப்பிடியைப் பிடித்து ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்குபவர்கள். பயந்தால் அப்படியே உட்கார்ந்து அழுவார்கள், சிலர் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார்கள். ஒரு டீச்சரோ ஆயாவோ தூக்கினால் இரண்டு பேரைத் தூக்கலாம். தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 20 குழந்தைக்கு ஒரு ஆசிரியர், கூட ஒரு பராமரிப்பாளர் என்கிறது. அந்தக் கணக்கைச் சரியாகக் கடைப்பிடிக்கும் பள்ளியிலும், ஒரு வகுப்பை இரண்டு மாடி இறக்க அந்த இரண்டு பேரும் எத்தனை நடை ஏறி இறங்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது படிக்கட்டு ஒன்று இருந்தால் நிலைமை மாறும். இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள், அதில் இறங்கி வாருங்கள். பாதியில் பெட்டிகள் அடுக்கியிருக்கும், அல்லது கீழ்க்கதவில் கடைக்காரரின் பூட்டு தொங்கும். பூட்டின் சாவி பள்ளியிடம் இல்லையென்றால் அதைப் படிக்கட்டு என்று கணக்கில் எடுக்க முடியாது. மொட்டைமாடிக்குப் போகும் கதவையும் பாருங்கள், அது எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். ஜன்னல்களில் எல்லாம் அசையாத கிரில் அடித்திருந்தால் திருடனுக்கும் பயமில்லை, குழந்தை விழும் பயமும் இல்லை, ஆனால் தீயணைப்பு வீரரும் உள்ளே வர முடியாது. ஒரு அறைக்கு ஒரு ஜன்னலிலாவது திறக்கும் கிரில் வேண்டும், சாவி பெரியவர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். பால்கனியும் வராந்தாவும் இருந்தால் கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கம்பி மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்குக் கம்பி போட்டால் பிள்ளைகள் அதில் கால் வைத்து ஏறிவிடுவார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மாமியார் கட்சி ஜெயித்தது என்று நினைத்துவிட வேண்டாம். பழைய தனி வீட்டில் வேறு ஆபத்துகள் இருக்கின்றன, அவை காலுக்கு அடியில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த பெண் குழந்தை செப்டிக் டேங்கில் விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளி வளாகத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இன்னொரு சின்னப் பெண் இறந்தது. இரண்டு இடத்திலும் வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை. நான்கு மாதத்துக்குள் ஒரே மாதிரி இரண்டு சாவு, இரண்டுமே இருக்க வேண்டிய ஒரு நல்ல மூடி இல்லாததால்.

பழைய வீட்டைப் பள்ளியாக மாற்றும்போது சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், கார்ட்டூன் வரைவார்கள். சம்ப் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், பழைய கிணறு எல்லாம் வீட்டுக்காரர் காலத்தில் இருந்தபடியே இருக்கும். குடியிருந்த குடும்பத்துக்கு அந்த மூடி எங்கே இருக்கிறது என்று தெரியும், ஓடி விளையாடும் குழந்தைக்குத் தெரியாது. எனவே போனவுடன் கேளுங்கள்: "சம்ப் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே, கிணறு இருக்கா?" தலைமை ஆசிரியருக்கே பதில் தெரியாமல், அவர் ஆயாவைக் கூப்பிட்டுக் கேட்டால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல். மூடி தகரமாக இருந்தால், இரும்புத் தகடாக இருந்து ஓரம் துருப்பிடித்து உதிர்ந்தால், செங்கல்லைப் பாரம் வைத்திருந்தால், வேண்டாம். கான்கிரீட் ஸ்லாபோ கனமான வார்ப்பிரும்பு மூடியோ இருக்க வேண்டும், சட்டத்தில் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பூட்டு இருக்க வேண்டும். அதையும் தாண்டி, விளையாடும் இடத்தோடு சேராதபடி சுற்றி ஒரு தடுப்பு போட்டிருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் லாரி வரும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் லாரித் தண்ணீர் இறக்கும் இடங்கள் அதிகம். குழாயை சம்ப்பில் விட்டுவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போகும் அந்தப் பத்து நிமிடம் மூடி திறந்தேதான் இருக்கும். பள்ளி நேரத்தில் லாரி வரக் கூடாது, வந்தால் பக்கத்தில் ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும். மோட்டார் ரிப்பேர், பெயின்ட், கார்ப்பென்டர் வேலைக்கும் இதே விதிதான்.

சுற்றுச்சுவரை வெளியில் இருந்தும் ஒருமுறை பாருங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, நடுவில் வயிறு தள்ளி நிற்பது, மரத்தின் வேர் அடியில் புகுந்து விரிசல் விட்டிருப்பது இதெல்லாம் பார்க்கப் பொறியாளர் வேண்டியதில்லை. அந்த வீட்டில் மண் தரையும் மரமும் இருந்தால் சுவரோரத்தைக் கூடுதலாகப் பாருங்கள். மழைக்காலத்தில் வேலைக்கு வரும்போதெல்லாம் நான் முதலில் போவது சுவரோரத்துக்குத்தான்.

கேட் விஷயம். தாழ்ப்பாள் பெரியவர் நெஞ்சு உயரத்துக்கு மேலே, உள்பக்கம் இருக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் இருந்தால் குழந்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திறந்துவிடும். தெரு கேட்டிலிருந்து நேரே வகுப்பறை என்று இருக்கக் கூடாது. நடுவில் இன்னொரு கதவு, அது இல்லையென்றால் இடுப்பளவு சிறு கேட்டாவது வேண்டும். ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்று மூடியிருக்கும். உருளும் கேட்டாக இருந்தால் தண்டவாளத்தின் கோடியில் ஸ்டாப்பர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அது உடைந்துபோன கேட், இழுக்கிற வேகத்தில் தடம் விட்டு அப்படியே சரியும். அந்த எடை விழுந்தால் பெரியவரே தாங்க மாட்டார்.

வாட்ச்மேன் வயதானவர் என்று எழுதியிருந்தீர்கள். வயது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இத்தனை வயதுக்கு அவருக்கு முகங்கள் நினைவில் நிற்கும், யாருடைய தாத்தா யார் என்று தெரியும். ஆனால் டீச்சருக்கு டீ வாங்க, ஜெராக்ஸ் எடுக்க அவரை அனுப்புகிறார்களா? அப்படியானால் கேட்டில் ஆள் இல்லை என்றே அர்த்தம்.

இனி, நான் எல்லாவற்றையும் விட அதிகமாக நிறுத்திச் சொல்லும் இடம்: பள்ளி விடும் நேரம். நாள் முழுக்கக் கதவு பூட்டியிருக்கும் பள்ளிகூட மதியம் பன்னிரண்டரைக்கு விரியத் திறந்து வைத்திருக்கும். வெளியே பைக், ஆட்டோ, ஹாரன், உள்ளே செருப்பு மாட்டும் குழந்தைகள், டீச்சர் ஒரு அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார். இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் குழந்தை தெருவுக்கு வரும், தெரியாத கையும் உள்ளே வரும். சேர்க்கைக்கு முன் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் அந்த நேரத்துக்குப் போய் எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். பிள்ளையை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, வந்தவரின் முகத்தைப் பார்த்து ஒப்படைக்கிறார்களா? அல்லது வந்தவர்கள் தாங்களே உள்ளே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வருகிறார்களா? பிறகு நீங்களும் உள்ளே நடந்து பாருங்கள். எவ்வளவு தூரம் யாரும் கேட்காமல் போக முடிகிறது என்று பார்த்தால் போதும். வாசலிலேயே மறித்து, "யாருங்க நீங்க, யாரைப் பார்க்கணும்?" என்று கொஞ்சம் கடுப்பாகக் கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்ல பள்ளி அப்படித்தான் கேட்கும்.

அப்புறம் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: "ஒரு நாள் எனக்கு வர முடியாம என் தம்பி வந்து கூப்பிட்டா அனுப்புவீங்களா?" "அதுக்கென்ன மேடம், அனுப்பிடுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அந்தப் பள்ளி வேண்டாம். அழைத்துப் போக உரிமை உள்ளவர்கள் யார் யார் என்று புகைப்படத்தோடு எழுதி வாங்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் வந்தால், வந்தவர் கொடுக்கும் எண்ணுக்கு அல்ல, பதிவேட்டில் இருக்கும் உங்கள் எண்ணுக்கு அவர்களே போன் செய்ய வேண்டும். "அம்மாவுக்கு ஆக்சிடென்ட், உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று யாராவது வந்து நின்றாலும் அதே விதி. கணவன் மனைவி பிரிந்து வழக்கு நடக்கும் குடும்பங்களில் இது இன்னும் சிக்கலாகும். அப்படிப்பட்டவர்கள் நீதிமன்ற உத்தரவின் நகலைப் பள்ளியில் கொடுத்து வைக்க வேண்டும். இதில் நம் பங்கும் உண்டு. நமக்குக் கதவு திறந்ததும் பின்னால் வருபவருக்கு மரியாதைக்காகப் பிடித்து நிற்கிறோமே, அதை விட்டுவிட வேண்டும். கைரேகைப் பூட்டைத் தோற்கடிக்க அந்த மரியாதை ஒன்றே போதும். குழந்தையின் பெயரைப் பையின் வெளிப்பக்கம் பெரிதாக எழுதவும் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் யாரையும் மூன்று வயதுப் பிள்ளை தெரிந்தவர் என்றே நினைக்கும்.

கழிவறையைக் கட்டாயம் திறந்து பாருங்கள். உள்தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டினால் ஒருநாள் உள்ளே பூட்டிக்கொண்டு அழும், எனவே அது இருக்கவே கூடாது. வகுப்பறையோடு ஒட்டியிருந்தால் நல்லது, கட்டடத்தின் பின்பக்கத்தில் தனியாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. யார் கூட்டிப் போகிறார்கள் என்று பெயரோடு சொல்ல வேண்டும். வகுப்பறைக் கதவுகளில் பெரியவர் கண் உயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே நடப்பது வெளியில் போவோர் வருவோருக்கெல்லாம் தெரியும்படி இருப்பது பத்து கேமராவுக்குச் சமம். ஆயா, டிரைவர், வாட்ச்மேன் எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும், ஏஜென்சி மூலம் வந்தவர்கள் என்பது அதற்குப் பதிலாகாது.

காகிதங்களில் நான்கு முக்கியம். பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. இதோடு பள்ளிக்கான அங்கீகாரம். தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூல்களுக்கென்று தனி விதிகள் 2015-லேயே வந்துவிட்டன, எனவே "சின்னப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு அதெல்லாம் தேவையில்லை மேடம்" என்றால் ஏற்க வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் இரண்டு விஷயம்தான் பார்க்க வேண்டும்: எந்தத் தேதி வரை செல்லும், எந்த முகவரிக்குத் தரப்பட்டது. பிராண்ட் பள்ளிகளில் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பிராண்டின் பெயர் ஒரு நிறுவனத்துடையது, நடத்துபவர் வேறொருவர், கட்டடம் மூன்றாமவருடையது. ஊரெங்கும் நல்ல பெயர் எடுத்த பிராண்ட் என்பதால் அந்த இரண்டாவது மாடிக்குச் சான்று இருக்கிறது என்று ஆகாது. "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்றால் வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, எதில் சேர்ப்பது? கட்டடத்தை மட்டும் வைத்துக் கேட்டதால் கட்டடத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன். நான் தனி வீட்டின் பக்கம்தான் சாய்வேன், ஆனால் இன்று இருக்கும் நிலையில் அல்ல. சம்ப் மூடி, கேட் தாழ்ப்பாள், ஒப்படைப்புப் பதிவேடு, ஒரு தீயணைப்பான், சுவரில் விரிசல் இருந்தால் அதன் வேலை. சுவரைத் தவிர மற்றதெல்லாம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். நல்ல மனசுள்ள நிர்வாகம் ஒரு வாரத்தில் செய்துவிடும். மாடியில் இருக்கும் பள்ளி எவ்வளவு செலவு செய்தாலும் தன்னைத் தரைக்கு இறக்க முடியாது. அங்கே இரண்டாவது படிக்கட்டு உண்மையிலேயே திறந்து, கீழே தீப்பிடிக்கும் பொருள் விற்கும் கடை இல்லாமல், பிள்ளைகளை வைத்தே வெளியேறும் ஒத்திகையும் தவறாமல் நடத்துகிறார்கள் என்றால் உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, அப்போது நான் தடுக்க மாட்டேன்.

இரண்டு பள்ளிக்கும் உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டே போங்கள். அவர் பூட்டையும் படிக்கட்டையும் பார்க்கட்டும், நீங்கள் மூடிகளையும் கழிவறையையும் பாருங்கள். குறைகளை வாயால் சொல்லாமல் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி அனுப்புங்கள், எந்தத் தேதிக்குள் முடியும் என்று பதில் வாங்குங்கள். முக்கியமாக, சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கட்டிய பிறகு சொல்லும் குறைக்கு அவ்வளவு வேகம் கிடைப்பதில்லை. திறந்து கிடக்கும் தொட்டியைக் காட்டியும் நிர்வாகம் அசையவில்லை என்றால், அங்கே சேர்க்காமல் வந்துவிடுவதோடு விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கோ ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.